எலிசபெத் ஃபெரிஸும் ‘ஆர்’ விகுதியும்

“இலக்கணப் பால் மொழிக்கு மொழி மாறும், இயற்கைப் பாலோ ஐயத்திற்கு இடமற்றது.” ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் நான் எழுதியிருந்த வாக்கியம் இது. எவரும் கேள்வி கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சென்ற மாதம் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் புல்லட்டின்’ இதழின் 1992ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றைப் படிக்க நேர்ந்தது. விளையாட்டில் பால் சரிபார்ப்புச் சோதனை பற்றியது. எழுதியவர் எலிசபெத் ஃபெரிஸ். மருத்துவர் என்று மட்டுமே அறிந்திருந்தேன். 1960 ரோம் ஒலிம்பிக்கில், 3 மீட்டர் ஸ்பிரிங்போர்டு டைவிங்கில், பிரிட்டனுக்கு வெண்கலம் வென்றவரும் அவரே என்பது பின்னர்தான் தெரிந்தது.

ரோமில் அவரை நடுவர்கள் மதிப்பிட்டது அவர் பாய்ந்த பாய்ச்சலைக் கொண்டு. 1968 முதல் ஒலிம்பிக் வீராங்கனைகளுக்கு அது போதவில்லை. கன்னத்தின் உட்புறத்திலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து, குரோமோசோம் பார்த்து, பெண் எனச் சான்றிதழ் வழங்கினார்கள். ஆண் வீரர் எவரிடமும் அச்சான்று கேட்கப்படவில்லை. எக்ஸ்-ஒய் குரோமோசோம்களுடன் பிறந்தும், ஆண்மை இயக்குநீரை உடல் ஏற்காததால் பெண்ணாகவே வளர்ந்தவர்கள் உண்டு. அவர்களுள் சிலர் தம் உடலைப் பற்றிய இச்செய்தியை முதன்முதலாக அறிந்ததே இச்சோதனையால்தான். ஃபெரிஸ் இதை நீண்டகாலம் எதிர்த்தார். 1999இல் ஒலிம்பிக் குழு கட்டாயச் சோதனையைக் கைவிட்டது. அவர் 2012இல் மறைந்தார். 2025இல் உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவுக்கு மரபணுச் சோதனையைக் கொண்டுவந்துள்ளது, வாதம் முடியவில்லை.

மொழியியல் மாணவிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ‘சரிபார்ப்பு’ என்னும் சொல்லில்தான் என் வேலை இருக்கிறது. சரியான விடை முன்பே உள்ளது, ஒப்பிட்டால் போதும் என்று அச்சொல் நம்மை நம்பவைக்கிறது. உடலோ அவ்வளவு எளிதாக விடை தருவதில்லை. குரோமோசோம், இயக்குநீர், உறுப்பு, வளர்ப்பு ஆகியவை எப்போதும் ஒரே திசையைக் காட்டுவதில்லை. எதை அளவுகோலாகக் கொள்வது என்பதை மனிதர்களே தீர்மானிக்கிறார்கள்.

மேலே ‘ஃபெரிஸ் எதிர்த்தார்’ என்றேன். பலர்பாலுக்குரிய ‘ஆர்’ விகுதியை ஒருவருக்கு மரியாதையாக வழங்கும்போது, அவர் ஆணா பெண்ணா என்று தமிழ் வினைமுற்று கேட்பதில்லை. இதனால் தமிழ்ச் சமூகமும் கேட்பதில்லை என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆயினும் மதிப்பு வரும் இடத்தில் அக்கேள்வி தேவையற்றுப்போகலாம் என்பதற்கு இலக்கணத்தில் ஓர் இடமேனும் இருக்கிறது.

அந்த வாக்கியத்தை நேற்று நீக்கிவிட்டேன். அவ்விடத்தில் எதை எழுதுவது என்று நெறியாளரிடம் கேட்க வேண்டும்.