மௌனமும் பேசும்!

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அப்பா கொத்தனார். முதலாமாண்டு செமினாரில், "டயோடு..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வகுப்பே சிரித்தது. 'இனிமே மேடையே வேணாம்டா சாமி!'ன்னு முடிவு பண்ணிட்டேன்.

பிறகு லேபில் ஏ.எம். ரிசீவர் செய்த நாட்களில், ரேடியோ மேல் வந்த ஆசையால் பழைய அமெரிக்க வானொலி நிகழ்ச்சிகளின் பதிவுகளை செல்போனில் தேடிக் கேட்டேன். அப்படிக் கிடைத்தவர்தான் ஜாக் பென்னி. 1932 முதல் 1955 வரை வானொலியில் சிரிக்க வைத்தவர். பாட்டு, வாத்தியம், நாடகம், நடுவே விளம்பரம்... எல்லாம் அரை மணி நேரத்துக்குள்! அவருடைய பாத்திரமோ மகா கஞ்சன். மற்றவர்கள் தன்னைக் கேலி செய்யட்டும் என்று விட்டுவிடுவார்.

1948-ல் ஒரு காட்சி. வழிப்பறிக்காரன், "பணமா, உயிரா?" என்கிறான். பென்னி வாயே திறக்கவில்லை. கூட்டம் சிரிக்கிறது. அவன் மறுபடி அதட்ட, "யோசிச்சுக்கிட்டுதானே இருக்கேன்!" என்கிறார். மறுபடியும் சிரிப்பு!

நண்பர்களே, வானொலியில் முகம் தெரியாது. சத்தம் நின்றால் செட் ரிப்பேர் என்று நினைப்பார்கள். அங்கேயே ஒருவர் மௌனத்தை நம்பினார்!

அடுத்த செமினாரிலும் எனக்குப் பாதியில் வார்த்தை வரல. "யோசிச்சுக்கிட்டு இருக்கேன் சார்" என்றேன். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் பேசினேன்.

அன்றிரவு அப்பா கேட்டார்: "முழுசா பேசி முடிச்சியா?"

"முடிச்சேன்ப்பா."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமும் எனக்குப் புரிந்தது.