வலதுசாரி வாக்குறுதியும் தென்னந்தோப்புக் குத்தகையும்

2022 ஏப்ரலில் பிரான்ஸ் அதிபர் தேர்தல் சூடாக இருந்த சமயம். அக்கா மகன் லியோனிலிருந்து போன் செய்தான். அவனுக்கு அங்கே வேலை இருக்கிறது, ஓட்டு கிடையாது. ஆனால் காரை எடுத்துக்கொண்டு பாரிஸ் போனால் டோல் மட்டும் உண்டு!

"மாமா, வலதுசாரின்னா அரசாங்க சொத்தை தனியாருக்கு விக்கணும்னு சொல்றவங்கதானே? இந்த லு பென் அம்மா ஹைவேயை எல்லாம் அரசாங்கமே எடுத்துக்கணும்னு சொல்றாங்களே, அது எப்படி?"

பி.காம். முடித்துவிட்டு இருபது வருடமாக வங்கியில் குப்பை கொட்டும் மாமாவிடம் கேட்டால் சும்மா விடுவேனா? அன்று அவனிடம் சொன்னதையும், அதற்குப் பிறகு படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் இன்று டோல் ரோடுகளை நம்பித்தான் ஆபீஸ் போகிறோம். அதனால் இது வெளிநாட்டுக் கதை மட்டும் அல்ல.

முதலில் கன்செஷன். நமக்கு கன்செஷன் என்றாலே பஸ் பாஸும் ரயில் டிக்கெட்டும்தான் ஞாபகம் வரும். இது வேறு. ஊரில் தென்னந்தோப்பை குத்தகைக்கு விடுவோம் இல்லையா, அதுதான் இது. நிலமும் மரமும் நம்முடையது. குத்தகைக்காரர் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், உரம் போட வேண்டும், காய் பறித்து விற்றுக்கொள்ளலாம். கெடு முடிந்ததும் தோப்பு நம் கைக்கு வந்துவிடும். பிரான்ஸில் ஹைவேக்களை விற்றுவிட்டார்கள் என்று சொல்கிறார்களே, உண்மையில் விற்றது சாலையை அல்ல. குத்தகை எடுத்திருந்த கம்பெனிகளில் அரசு வைத்திருந்த பங்குகளைத்தான்.

அதை யார் செய்தது என்று பாருங்கள். 2002ல் இந்தக் கம்பெனிகளில் ஒன்றின் பங்குகளை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது சோஷலிஸ்ட் பிரதமர் ஜோஸ்பானின் அரசு. மிச்சப் பங்குகளை 2005-06ல் மொத்தமாக விற்றது வலதுசாரிப் பிரதமர் வில்பானின் அரசு. கிடைத்தது சுமார் 1,480 கோடி யூரோ. இடதுசாரிகள் மட்டுமா எதிர்த்தார்கள்? மைய-வலதைச் சேர்ந்த பைரூ நீதிமன்றம் வரைக்கும் போனார். வருடா வருடம் வரும் டிவிடெண்டை விட்டுவிட்டு ஒரே தடவையில் காசை வாங்குவது நஷ்டம் என்பது அவர் வாதம். வழக்கில் அவர் ஜெயிக்கவில்லை.

இப்போது வலதுசாரி வேட்பாளர்களை வரிசையாக நிறுத்திப் பார்ப்போம். 2017ல் ஃபியோன் சொன்னது: 5 லட்சம் அரசுப் பணியிடங்கள் குறைப்பு, ஐந்து வருடத்தில் 10,000 கோடி யூரோ செலவு வெட்டு, ஓய்வு வயது 65. அதே தேர்தலில் லு பென் சொன்னது: ஓய்வு வயது 60, யூரோவை விட்டு வெளியேறுவோம். 2022ல் பெக்ரெஸ் நிர்வாகப் பணியிடங்களில் 2 லட்சம் குறைப்பேன், ஓய்வு வயது 65 என்றார். லு பென் எரிபொருள், மின்சாரம் மீதான வாட் வரியை 20 சதவீதத்திலிருந்து 5.5க்கு இறக்குவேன், ஹைவேக்களை அரசுடைமையாக்கி டோலை 15 சதவீதம் குறைப்பேன் என்றார். அதே கையோடு அரசு டிவியையும் ரேடியோவையும் தனியாருக்கு விற்பேன் என்றும் சொன்னார்.

ஒருவர் செலவை வெட்டுகிறேன் என்கிறார், இன்னொருவர் விலையைக் குறைக்கிறேன் என்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே "வலதுசாரி" லேபிள். மருமகன் குழம்பியதில் தப்பே இல்லை. லேபிளைப் பார்த்து பொருளாதாரத் திட்டத்தை யூகிக்க முடியாது. பேலன்ஸ் ஷீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் லு பென் திட்டத்தில் ஒரு கேள்வி வருகிறது. கெடு முடிவதற்குள் தோப்பைத் திருப்பிக் கேட்டால் குத்தகைக்காரர் சும்மா தருவாரா? மிச்ச வருடங்களின் காய்க்கும் காசு கேட்பார். பிரான்ஸ் அரசுத் தரப்பில் இந்த நஷ்ட ஈட்டை 4,000 முதல் 5,000 கோடி யூரோ வரை மதிப்பிட்டார்கள். இத்தனைக்கும் பெரிய குத்தகைகள் எல்லாம் 2031க்கும் 2036க்கும் இடையில் தானாகவே முடிகின்றன.

அதற்காக இருப்பது அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. நிதி அமைச்சகத்தின் தணிக்கைப் பிரிவு 2021ல் எழுதிய அறிக்கை ஒன்று 2023ல்தான் வெளியே வந்தது. விற்றபோது எதிர்பார்த்த லாப விகிதம் 7.67 சதவீதம். சில பெரிய கம்பெனிகளுக்குக் கிடைத்ததோ 12 சதவீதத்தை ஒட்டி. காரணம் எங்கள் தொழிலில் தினம் பார்ப்பதுதான். கடன் வாங்கி குத்தகை எடுத்தார்கள். பிறகு வட்டி சரிந்தது. பழைய கடனை அடைத்து குறைந்த வட்டியில் புதுக் கடன் வாங்கினார்கள். டோல் மட்டும் விலைவாசியோடு ஏறிக்கொண்டே இருந்தது. யாரும் திருடவில்லை. லாபம் அளவுக்கு மீறினால் அரசுக்கும் பங்கு என்று பழைய ஒப்பந்தங்களில் வலுவான ஷரத்து இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறானதையும் நான் பார்த்திருக்கிறேன். கடன் மதிப்பீட்டுப் பிரிவில் இருந்தபோது ஒரு சாலைத் திட்டக் கோப்பு வந்தது. பெயர் வேண்டாம். தினமும் இத்தனை வண்டி வரும் என்று எழுதிய கணக்கில் பாதிகூட வரவில்லை. கடன் வாராக்கடன் ஆனது. அந்தப் பணம் யாருடையது? டெபாசிட் போட்ட ஓய்வூதியக்காரர்களுடையது.

2015ல் பிரான்ஸில் டோல் உயர்வை ஒரு வருடம் நிறுத்தி வைத்தார்கள். மக்களுக்கு சந்தோஷம். ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே? விட்டதைப் பிடிக்க 2019 முதல் 2023 வரை கூடுதலாக ஏற்ற ஒப்புக்கொண்டார்கள். நான் இருக்கும் மும்பையில் 2024 அக்டோபரில், சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய மாதம், நகரின் ஐந்து நுழைவுச் சாவடிகளிலும் கார்களுக்கு டோல் ரத்தானது. வாஷி பாலத்தில் நிற்காமல் போவது எனக்கும் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் வசூல் ஒப்பந்தம் இன்னும் முடியாததால் ஈடு கட்டும் பொறுப்பு அரசு தலையில் விழுந்தது. அதாவது காரே இல்லாதவர் கட்டும் வரியிலும் அதில் பங்கு உண்டு.

ஆகவே டோலைக் குறைப்பேன் என்று வலதோ இடதோ யார் சொன்னாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது? அதற்கு முன் கை வைத்தால் எவ்வளவு ஈடு, யார் தருவது? வண்டி குறைந்தாலும் வட்டி சரிந்தாலும் நஷ்டமும் லாபமும் யாருக்கு?

பிரான்ஸில் இந்தக் கேள்விகளுக்கு உண்மையான நாள் நெருங்குகிறது. முதல் பெரிய குத்தகை 2031 டிசம்பரில் முடிகிறது. 2027ல் தேர்ந்தெடுக்கப்படுபவரின் பதவிக்காலத்துக்குள் அது வந்துவிடும். தோப்பு சும்மாவே திரும்பி வரப்போகிறது, நஷ்ட ஈடு கிடையாது. மறுபடி குத்தகைக்கு விடுவதா, எத்தனை வருடத்துக்கு, என்னென்ன ஷரத்தோடு என்பதை எழுதப் போகிறவர் அவர்தான். 2006ல் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியை இந்த முறை எழுதுவாரா என்பதுதான் விஷயம். மேடையில் கைதட்டல் வாங்காத வரி அது. ஆனால் அடுத்த இருபது, முப்பது வருடத்துக்கு ஒவ்வொரு சாவடியிலும் காசு கொடுக்கப் போவது அந்த வரியைப் பொறுத்துத்தான்.