வயதுக் கட்டமும் வேலைக் கட்டமும்

ஜொகூர் மாநிலத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்ப்பவன் நான். சென்ற மாதம் நிர்வாகி என்னிடம் ஒரு பணியை ஒப்படைத்தார். குலை அறுப்போரின் மொத்தச் சம்பளம் இன்ன தொகையைத் தாண்டலாகாது. அதற்குள் அடங்கும்படி, அடுத்த ஆண்டுக்கு யார் யாரை வைத்துக்கொள்வது என்று பட்டியல் எழுதித் தரவேண்டும் என்றார். எழுத உட்கார்ந்தேன். என் கண் முதலில் சென்றது பிறந்த ஆண்டு குறித்த கட்டத்தின்மேல்தான். அறுபதைக் கடந்து, ஆண்டுக்கோர் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் முதியவர் ஒருவரின் பெயரை அடித்தேன். அவர் என் தந்தையோடு குலை அறுத்தவர். கை கூசிற்று, ஆயினும் அடித்தேன்.

அப்பட்டியலைப் பையில் வைத்துக்கொண்டே ஞாயிறன்று தஞ்சோங் பகாரிலுள்ள மாமா வீட்டிற்குச் சென்றேன். துறைமுகத்தில் சுமை இறக்கிப் பிழைத்தவர் அவர். அவர் வீட்டில் தங்கித்தான் நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். நடந்ததைச் சொன்னதும், "தம்பி, டூரிச்சை மறந்துவிட்டாயா?" என்று கேட்டார்.

மறப்பேனோ! 1999-இல் எங்கள் வட்டாரத்துக் கால்பந்துக் குழுவான தஞ்சோங் பகார் யுனைடெட்டிற்கு ஆட வந்தவர் அலெக்சாண்டர் டூரிச். போஸ்னியாவில் பிறந்தவர், 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் கலந்துகொண்டவர். இங்கு வந்தபோது அவருக்கு வயது 28. பின்னர் வேறு குழுக்களில் ஆடி, 2007-இல் சிங்கப்பூர்க் குடிமகனாகி, 37-ஆம் வயதில் நாட்டின் அணிக்காக முதன்முறை களம் இறங்கினார். தஜிகிஸ்தானுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் விழுந்த இரண்டு கோல்களும் அவர் போட்டவையே. நாற்பதைக் கடந்த பின்பும், தெம்பனிஸ் ரோவர்ஸ் குழுவோடு 2011, 2012, 2013 ஆகிய மூன்றாண்டும் லீக் பட்டம் வென்றார். 2014-இல் அவர் ஓய்வு பெற்றபோது வயது 44.

அதே 2014-இன் இறுதியில்தான், முப்பது வயதானவர்களுக்கு ஒவ்வொரு குழுவிலும் இத்தனை இடமே உண்டு என்று ஒரு விதி அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே அது கைவிடப்பட்டது. தஞ்சோங் பகார் யுனைடெட்டோ பணமுடையால் லீக்கை விட்டே விலகியது.

"கையில் பணம் குறைவென்றால் யாரையேனும் கழித்துத்தானே ஆகவேண்டும், மாமா?" என்றேன். "கழி. ஆனால் எதைப் பார்த்துக் கழிக்கிறாய்?" என்றார் அவர்.

இரவெல்லாம் அக்கேள்வி என்னை விடவில்லை. பண வரம்புக்குள் ஆள் சேர்ப்பதற்கு 2018-இன் சென்னைக் கிரிக்கெட் அணியைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அவ்வாண்டு இந்தியப் பிரிமியர் லீக்கில் ஒவ்வோர் அணியும் ஆட்டக்காரர்களுக்கென 80 கோடி ரூபாய்தான் செலவிடலாம். ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் மற்றொருவருக்குக் கிள்ளித்தான் கொடுக்க முடியும். ஏலத்தில் இளைஞனின் விலையில் அவன் நாளை ஆடப்போகும் ஆட்டமும் சேர்ந்திருக்கும். மூத்தவனிடம் இருப்பது இன்றைய ஆட்டம் மட்டுமே; ஆகவே விலை குறைவு. 26 வயது பென் ஸ்டோக்சை ராஜஸ்தான் அணி 12.5 கோடிக்கு எடுத்தது. 36 வயது ஷேன் வாட்சனைச் சென்னை 4 கோடிக்கும், 32 வயது அம்பதி ராயுடுவை 2.2 கோடிக்கும் எடுத்தது. கிழவர் படை என்று பலரும் நகைத்தனர். ராயுடு அவ்வாண்டு 602 ஓட்டங்கள் எடுத்தார். மே 27-இல் நடந்த இறுதி ஆட்டத்தில் வாட்சன் முதல் பத்துப் பந்துகளில் ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. முடிவில் 57 பந்துகளில் 117 ஓட்டங்கள் எடுத்து, ஆட்டமிழக்காமல் நின்று கோப்பையை வென்று தந்தார்.

மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. அவ்வணியில் 80 லட்சத்திற்கு வாங்கிய 25 வயது தீபக் சாகரும், 50 லட்சத்திற்கு வாங்கிய 22 வயது லுங்கி இங்கிடியும் இருந்தனர். மூத்தோரின் நிதானத்தோடு இளையோரின் வேகமும் சேர்ந்தே வென்றது. 2020-இல் அதே சென்னை, எட்டு அணிகளுள் ஏழாவதாக நின்றது. மூத்தவரைச் சேர்த்தது பிழையன்று. பலரையும் ஒருங்கே மூப்படைய விட்டதே பிழை என்பது என் எண்ணம்.

திங்களன்று பேரேட்டை மீண்டும் திறந்தேன். இம்முறை வயதுக் கட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வேலைக் கட்டங்களைப் பார்த்தேன். முதியவர் அறுத்த குலைகள் இளைஞர்கள் அறுத்தவற்றிலும் குறைவு, அது மெய். ஆனால் பழுக்காத குலை என்று ஆலை கழித்தவற்றில் அவர் கணக்கில் அநேகமாக ஒன்றுமில்லை. உதிர்ந்த பழத்தைப் பார்த்தே மரத்தை அறிகிறவர் அவர். அவரோடு ஒரே நிரையில் வேலை செய்த புதியவர் இருவரின் காய்க்குலைக் கணக்கும் மாதத்திற்கு மாதம் குறைந்திருந்தது. இவ்வளவும் நானே என் கையால் எழுதியவை! எழுதினேனே தவிர, படிக்கவில்லை.

பட்டியலைத் திருத்தினேன். முதியவர் பெயரை ஓராண்டுக்குச் சேர்த்து, புதியவர்க்குப் பழக்கும் பொறுப்பும் அவருக்கே என்று குறித்தேன். தொகை மிஞ்சிற்று. ஆகவே, இனி வரவிருந்த ஒரு புது ஆளின் இடத்தைக் கழித்தேன். கடலுக்கு அப்பால் அவ்வேலையை எதிர்பார்த்து ஓர் இளைஞன் காத்திருக்கக்கூடும். அவன் பெயர் என் பேரேட்டில் இல்லை என்பதால் அவன் பசி பொய்யாகிவிடாது. வரம்பு என்பது எவரையேனும் வருத்தாமல் விடுவதில்லை.

நிர்வாகி இன்னும் விடை சொல்லவில்லை. நான் கற்றது இதுவே: இனி எவர் பெயரை அடிக்க நேர்ந்தாலும், அவர் எப்போது பிறந்தார் என்பதற்கு முன், அவர் என்ன செய்கிறார் என்பதைப் படித்துவிட்டே பேனாவை எடுப்பேன்.