மூச்சை நிறுத்தச் சொல்லும் மொழி

ஜார்க்கண்டின் சந்தால் பர்கனாவிலிருந்து கொல்கத்தா மருத்துவமனைக்கு வந்து சேரும் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். பல மாதங்களாக வயிற்றுவலி, பேதி. எடை குறைந்துவிட்டது; வயதுக்கேற்ற உயரமும் இல்லை. அவள் பேசும் மொழி சந்தாலி மட்டுமே.

இத்தகைய அறிகுறிகளைக் கண்டதும் இந்திய மருத்துவரின் மனத்தில் இரு பெயர்கள் எழும்: குடல் காசநோய், க்ரோன் நோய். 1932இல் பரில் க்ரோனும் அவருடன் இருவரும் விவரித்த இந்த அழற்சி நோய், காசநோயைப் போலவே சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பெரிதும் பற்றுகிறது. க்ரோன் நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு காசநோயை முற்றச் செய்துவிடக்கூடும். ஆகவே, எது என்று தெளிவது உயிர் தொடர்பான கேள்வி.

எண்டோஸ்கோப்பி குழாயை மேலிருந்து செலுத்தினாலும் கீழிருந்து செலுத்தினாலும் சிறுகுடலின் பெரும்பகுதி அதற்கு எட்டாது. அங்கே படமே கண். குடற்சுவர் எத்தனை இடங்களில் தடித்துள்ளது, நிணநீர்க் கணுக்களின் நடுப்பகுதி அழிந்துள்ளதா என்பவை முடிவுக்கு உதவும் தடயங்கள். சிடி ஸ்கேன் இவற்றை நொடிகளில் காட்டிவிடும்; ஆனால் அது கதிர்வீச்சைச் செலுத்துகிறது. க்ரோன் நோய் வாழ்நாள் நோய். படம் பலமுறை எடுக்கவேண்டி வரும். வளரும் உடல் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும். அதன் விளைவு வெளிப்பட இன்னும் பல்லாண்டு வாழ்வும் அதற்கு உண்டு. எனவே, இயன்ற இடங்களில் குழந்தைகளுக்கு அல்ட்ராசவுண்டும் எம்ஆர்ஐயும் விரும்பப்படுகின்றன.

எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை. அது கேட்பது பொறுமை. குடலை விரிக்க ஏறக்குறைய ஒரு லிட்டர் திரவத்தைக் குடிக்கவேண்டும். பேரொலி எழுப்பும் குழலுக்குள் அரைமணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் படுத்திருக்கவேண்டும். இடையிடையே 15 முதல் 20 நொடிகள் மூச்சை அடக்கவேண்டும். மூச்சு அசைந்தால் வயிறு அசையும். வயிறு அசைந்தால் படம் கலங்கும். கலங்கிய படத்துக்குப் பின் மிஞ்சுபவை மறுபடி ஒரு நாள், மயக்க மருந்து, அல்லது சிடி.

இங்கேதான் மொழி கருவியின் ஓர் உறுப்பாகிறது. ஒலிபெருக்கியில் வரும் கட்டளை வங்காளத்திலோ இந்தியிலோ இருக்கும். அவை இந்தோ-ஆரிய மொழிகள். சந்தாலியோ ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்து முண்டாக் கிளையைச் சேர்ந்தது. ஊகித்து அறியவும் வழியில்லை. தாய்மொழியிலேயே கட்டளை வந்தாலும் சொல்லைத் தேர்ந்துதான் ஆளவேண்டும். தமிழில் 'மூச்சு விடாதே' என்பது சுவாசத்தைக் குறித்த சொல் மட்டுமா? 'யாரிடமும் சொல்லாதே' என்ற அதட்டலும் அதுவே. அஞ்சிக் கிடக்கும் குழந்தையின் காதில் எது விழும்?

தீர்வு பெருஞ்செலவு பிடிப்பதன்று. முந்தைய நாள் தாயின் மடியருகே மூச்சடக்கும் விளையாட்டாக ஒத்திகை பார்க்கலாம். குழலின் ஓசையை முன்கூட்டியே கேட்கச் செய்யலாம். 'இழு', 'நிறுத்து', 'விடு' என்னும் மூன்று சொற்களையும் தாயின் குரலிலேயே பதிந்து ஒலிக்கவிடலாம்.

2011 கணக்கெடுப்பின்படி 73 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தாய்மொழி சந்தாலி. 2003ஆம் ஆண்டின் 92ஆவது திருத்தம் அதை அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்த்தது. அட்டவணையில் கிடைத்த அந்த இடம் ஸ்கேன் அறையின் ஒலிபெருக்கி வரை நீளவேண்டும். அந்தச் சிறுமிக்குத் தேவை மூன்றே சொற்கள்.