ஒரு பைசா எங்கே போச்சு?

கம்ப்யூட்டர் பிரிவு மாணவன் எழுதியது என்றதும் செயற்கை அறிவு பற்றித்தான் இருக்கும் என்று மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பொறுங்கள் தோழர்களே! நான் எழுத வந்தது அறுபது வயசு தாண்டிய ஒரு மொழியைப் பற்றி.

என் அம்மா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிறார். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இரண்டு ஏக்கர் கரிசல் இருக்கிறது. ஐப்பசி மழை தப்பினால் உளுந்தும் தப்பிவிடும். வாரக் கூலியில்தான் என் பரீட்சைக் கட்டணம்.

அந்த ஆபீசின் கூலிக் கணக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரில், ஜி.டபிள்யூ. பேசிக்கில் ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷம் அது மண்டையைப் போட்டது. புது லேப்டாப்பில் அந்தப் பேசிக் ஓடாது. கணக்குப்பிள்ளை அண்ணாச்சி ஒரு பழைய பிரிண்ட்அவுட்டை நீட்டி, "தம்பி, இதே கணக்கு இதே மாதிரி வரணும்" என்றார். டாஸ்பாக்ஸ் போட்டால் போதுமே என்றான் நண்பன். எனக்குத்தான் புராஜெக்ட் வேணுமே! பேசிக்கையே ஜாவா எந்திரத்தின் மேல் ஓட வைப்பது என்று இறங்கினேன்.

பேசிக் 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் உருவாக்கியது. ஜாவா 1995-இல் வந்தது. ஜாவா எந்திரம் என்பது இரும்பால் ஆனதல்ல. மென்பொருளாலேயே ஆன கற்பனை எந்திரம். வேடிக்கை என்னவென்றால், ஜாவா மொழியில் 'கோடு' என்று எழுதித் தாவ முடியாது. அந்தச் சொல்லை ஒதுக்கி மட்டும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அடியில் இருக்கும் எந்திரத்துக்கு அந்தக் கட்டளை உண்டு! பேசிக்கின் வரி எண்கள் அதனால் சுலபமாக உட்கார்ந்தன. 'கோசப்' தான் படுத்தியது. போன இடத்திலிருந்து திரும்பி வரும் கட்டளை எந்திரத்தில் முன்பு இருந்தது. 2011-இல் வந்த ஜாவா 7 முதல் புதிய கோப்புகளில் அதற்கு அனுமதி இல்லை. திரும்ப வேண்டிய வரி எண்ணை நானே ஓர் அடுக்கில் போட்டு எடுத்தேன். ஜி.டபிள்யூ. பேசிக்கின் மூல நிரலை மைக்ரோசாப்ட் 2020-இல் வெளியிட்டிருக்கிறது. முழுக்க அசெம்பிளி. திறந்து பார்த்து மூடிவிட்டேன்.

ஒரு வழியாக ஓடியது. பிரிண்ட்அவுட்டில் இருந்த பழைய விலை ஒன்றைப் போட்டேன்: குரோஸுக்கு 4.35. நூறால் பெருக்கிப் பைசாவாக்கி, பின்னத்தை வெட்டிவிடுவது அந்தப் புரோகிராமின் வழக்கம். 435 வரவேண்டிய இடத்தில் 434 வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். ஒரு பைசாதானே என்பார் என்று நினைத்தேன்.

"ஏய்யா, நாளைக்குப் பத்து குரோஸ்னா ஆறு நாளைக்கு அறுபது பைசா. எழுபது பேரு வேலை பாக்கோம். வாரத்துக்கு நாப்பத்திரெண்டு ரூவாய்ல்லா போகுது!"

பேப்பர் இல்லை, பேனா இல்லை. எனக்குக் கால்குலேட்டரில் சரிபார்க்க வேண்டியிருந்தது.

மூன்று ராத்திரி தேடினேன். பழைய பேசிக் சாதாரண எண்ணுக்கு நாலு பைட்டுதான் ஒதுக்கும். பெரிசாக இருந்தால் நல்லது என்று நான் எட்டு பைட் கொடுத்திருந்தேன். அதில் 4.35-ஐ நூறால் பெருக்கினால் 434.99999999999994. வெட்டினால் 434. நாலு பைட்டில் அதே பெருக்கல் சரியாக 435-க்கு வந்து நிற்கிறது. எல்லாவற்றையும் நாலு பைட்டுக்கு மாற்றினேன். கணக்கு சரியாகிவிட்டது என்று அம்மாவிடம் போய் நின்றேன்.

"அந்தப் பழைய மிசினு மட்டும் எல்லா வெலைக்கும் சரியாத்தான் போட்டுச்சுன்னு யாருய்யா பாத்தா?"

என்னிடம் பதில் இல்லை. பரண்மேல் இருந்த பிஸ்கட் டப்பாவை அம்மா இறக்கினார். அத்தனையும் கூலிச் சீட்டு, எண்ணினால் 212. இதுவரை 90 பார்த்திருக்கிறேன்.