பந்தயச் சுவரும் பாறையும்

மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் நமக்குப் பாறை ஏறுகிறவர்களைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று வீட்டிலே கேட்கிறார்கள். நியாயந்தான். ஆனாலும் அமெரிக்காவின் லின் ஹில் அம்மையாரை நினைத்தால் நமது கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இத்தாலி தேசத்து ஆர்க்கோவில் நடைபெறும் ராக் மாஸ்டர் பந்தயத்தில் ஐந்து முறை வென்றவர் அவர். பந்தயச் சுவரில் பிடிகளை மனிதர்களே பொருத்தி வைப்பார்கள், கீழே ஜனங்கள் கரகோஷம் செய்வார்கள், பரிசும் உண்டு. இவ்வளவையும் விட்டு, கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிலுள்ள எல் காப்பிடான் பாறைக்குப் போனார். சுமார் 3,000 அடி; செங்குத்து. அதில் 'மூக்கு' என்னும் வழியை 1958-இல் முதலில் ஏறியவர்கள் ஆணிகள் அறைந்து, அவற்றைப் பற்றிக்கொண்டே ஏறினார்கள். விழுந்தால் தாங்குவதற்கு மட்டும் கயிறு வைத்துக்கொண்டு, கைகால்களாலேயே 1993-இல் அதை முதன்முதலாக ஏறி முடித்தவர் இந்த அம்மையார்தாம். உயரமோ ஐந்தடி இரண்டங்குலம்! பிறர் விரல் நுழையாத வெடிப்பில் அவருடைய சிறு விரல்கள் நுழைந்தன. அடுத்த வருஷம் ஒரே நாளுக்குள் மறுபடியும் ஏறினார். அங்கே கரகோஷம் செய்ய யார் இருந்தார்கள்?

பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் நாம் வாங்கிய வெள்ளிக் கிண்ணங்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. போட்டி நின்றது; நமது பேச்சும் நின்றது. நேற்று அவற்றைத் துடைப்பதற்கு எடுத்தோம். துடைக்காமலே வைத்துவிட்டோம்.