கப்பல் வராத துறைமுகம்

மத்தியதரைக் கடலின் துறைமுகங்களைப் பற்றி நாம் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பறையிற் பேசி வந்திருக்கிறோம். கரும்பலகையில் இத்தாலியை ஒரு சப்பாத்தைப் போல வரைந்து, அதன் முன்காலில் ஒரு புள்ளியிட்டு, 'நேப்பிள்ஸ்' என்று பக்கத்தில் எழுதுவோம். மாணாக்கரும் அவ்வாறே வரைந்து எழுதிக்கொள்வர். பரீட்சையிற் புள்ளி இடம் தவறினால் ஒரு மதிப்பெண் குறையும். அந்தப் புள்ளிக்குள் மனிதர் நடமாடுகிறார்கள் என்பதை அவர்களும் எண்ணியதில்லை. உண்மையைச் சொல்வதானால் நாமும் எண்ணியதில்லை.

சென்ற பங்குனி மாதத்தில், அந்தப் புள்ளியின்மேற் கால் பதித்த ஒருவன் நமது வீட்டு வாசலில் வந்து நின்றான். பழைய மாணாக்கன். படிக்கும் காலத்தில் வரைபடப் பாடத்தில் நாம் பத்துக்கு ஐந்து கொடுத்து அனுப்பியவன்.

"சேர், நீங்க புள்ளி வச்ச ஊருக்குள்ள நான் நடந்து போனன்" என்றான்.

அவன் 2019ஆம் ஆண்டிலே உல்லாசப் பயணக் கப்பலொன்றில் ஏறியவன். சமையற்கட்டிற் பாத்திரம் கழுவுவது வேலை. மூவாயிரம் பேர் மூன்று வேளையும் உண்டு எறியும் பீங்கான்கள் அவன் கைகளின் வழியாகச் செல்லும். கப்பலில் பறப்பது பஹாமாஸ் நாட்டுக் கொடி. ஆனால் முதலாளிகள் அந்நாட்டவர் அல்லர், பயணிகளும் அல்லர், அடித்தட்டில் உழைக்கும் இலங்கையர், இந்தியர், பிலிப்பைன்ஸ் நாட்டவர், இந்தோனேசியர் எவரும் பஹாமாசைக் கண்டவர் அல்லர். பஹாமாசும் பனாமாவும் இத்தகைய கப்பல்களுக்குத் தம் கொடியைக் கொடுப்பதும், முதலாளிமார் அதனை விரும்பி ஏற்றுக்கொள்வதும் வரியும் தொழிற்சட்டமும் அங்கே இலேசாக இருப்பதனாலேதான். இதனை நாம் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் நமக்குச் சொன்னான்.

கப்பல் காலையிலே துறைமுகத்தை அடைகிறது, மாலையிலே புறப்பட்டுவிடுகிறது. இடையிலுள்ள எட்டு ஒன்பது மணித்தியாலத்தில் பயணிகள் ஊரைப் பார்க்கவேண்டும். கப்பற்காரர் ஒழுங்கு செய்யும் பேருந்திற் பொம்பேயி நகரத்து இடிபாடுகளைக் காணச் செல்வோர் பலர். அதற்குக் கட்டணம் பெரிது. அதைக் கொடுக்க மனமில்லாதவர்கள் ஒரு தண்ணீர்ப் போத்தலும் வரைபடமுமாகக் கால்நடையாகப் புறப்படுவார்கள். இவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. கப்பற்காரரின் பேருந்து பிந்தினால் கப்பல் காத்து நிற்கும். தனியே நடந்து போனவன் பிந்தினால் நிற்காது.

கழுவுகிறவர்களின் கதை வேறு. கடற்றொழிலாளருக்குக் கரைவிடுப்பு உரிமையானது என்று, 2013இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்சார் தொழில் ஒப்பந்தம் கூறுகிறது. நாளொன்றுக்குப் பத்து மணித்தியால ஓய்வு வேண்டும் என்றும் அது கூறுகிறது. மதியச் சாப்பாட்டுப் பீங்கானுக்கும் இராச் சாப்பாட்டுப் பீங்கானுக்கும் இடையில் அந்த உரிமை மூன்று மணித்தியாலமாகச் சுருங்கிவிடும். முதல் ஐந்து மாதமும் அவன் அம்மூன்று மணித்தியாலத்தையும் துறைமுக வாயிலிலேயே கழித்தான். அங்கே இணையம் இலவசம். சுவரோரமாகக் குந்தியிருந்து தாயின் முகத்தைக் கைப்பேசியிற் பார்த்துப் பேசிவிட்டுத் திரும்பிவிடுவான். எத்தனையோ புகழ்பெற்ற துறைமுகங்களில் அவன் கண்டது அந்தச் சுவர் ஒன்றுதான்.

நேப்பிள்சில் ஒருநாள் கைப்பேசி உயிரிழந்துவிட்டது. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நடந்தான். கப்பல் நிற்கும் மேடையிலிருந்து சில நிமிட நடையில் ஒரு பழைய கோட்டை. கருங்கோபுரங்களுக்கு நடுவிலே வெள்ளைச் சலவைக்கல் வளைவு. அதைக் கடந்து உள்ளே போனால், பழைய நகரத்தைக் கத்தியால் கீறியது போல ஒரே நேராக ஓடும் ஒடுக்கமான வீதி. தலைக்கு மேலே வீட்டுக்கு வீடு கயிறு கட்டி உலரப் போட்ட உடுப்புகள். அப்பால் மீன்சந்தை. நெத்தலியும் கணவாயும் வைத்துக்கொண்டு கிழவி ஒருத்தி கூவினாளாம்.

"அந்த மனிசி கூவின கூவல் நம்மட சந்தையில கேக்கிறதுதான் சேர். பாஷைதான் வேற. எனக்கு அழுகை வந்திட்டு."

இதைச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமலிருந்தான். பிறகு கேட்டான்: "நம்மட ஊரும் துறைமுகம்தானே சேர்? கப்பல்ல வந்து இறங்கின ஆக்கள் மாதிரி ஒருக்கா நடப்பமா?"

வாசகர் நகைக்கக் கூடும். மட்டக்களப்புக்கு எந்த உல்லாசக் கப்பலும் வருவதில்லை, திருகோணமலைக்குத்தான் வருகிறது. ஆயினும் 1928இலே புகையிரதம் வரும் வரையில், கொழும்பிலிருந்து இவ்வூருக்கு வருவோர் பலருக்குக் கடலே வழியாயிருந்தது. கரையோர நீராவிக் கப்பல் வெளியே நிற்கும். வள்ளங்கள் ஆட்களை ஏற்றி, முகத்துவாரத்தால் வாவிக்குள் கொண்டுவரும். அந்த வழியிலே நாம் ஒருநாளும் ஊருக்குள் வந்ததில்லை. பேருந்தில் வந்திருக்கிறோம், துவிச்சக்கரவண்டியில் வந்திருக்கிறோம்.

மறுநாட் காலை ஆறரை மணிக்குப் பாலமீன்மடு வெளிச்சவீட்டின் அடியில் நாம் இருவரும் நின்றோம். 1913ஆம் ஆண்டிற் கட்டிய கோபுரம்; 28 மீற்றர் உயரம். ஒல்லாந்தக் கடலோடி ஸ்பில்பேர்கன் 1602இல் தன் கப்பல்களுடன் வந்தது இந்தக் கரைக்குத்தான். கறுவாவும் மிளகும் தேடி வந்தவன், இங்கிருந்து கண்டியரசனைக் காண மலைநாட்டுக்குச் சென்றான். பாடப்புத்தகத்தில் இச்செய்தி இரண்டு வரி. அவன் எதிரே கண்ட மணற்றிடரும் கலங்கல் நீரும் அந்த இரண்டு வரியில் இல்லை.

முகத்துவாரத்துக்கு அப்பால், கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு நாக்குப் போல நீண்டு கிடப்பது நாவலடி. அவன் பிறந்த மண் அது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி காலையில் அந்த நாக்கின் மேலாகக் கடல் வந்து வாவியிற் போய் விழுந்தது. அவனுக்கு அப்போது பத்து வயது. தகப்பனும் தங்கையும் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களைத் திராய்மடுவிற் குடியேற்றினார்கள். கடலைப் பார்த்தே நாட்கணக்கும் நேரக்கணக்கும் அறிந்தவர்களுக்கு, கடலின் இரைச்சல் எட்டாத இடத்திலே கல்வீடு கிடைத்தது. நாவலடியில் இன்று ஒரு நினைவுத்தூபி நிற்கிறது. வெளியூரிலிருந்து வருவோர் அதனைப் படம் பிடித்துச் செல்கின்றனர். அவன் படம் பிடிக்கவில்லை.

"ஒன்பது மாதம் கடல்ல இருந்தன் சேர். கடலைப் பாத்தது கொஞ்சம்தான். எங்கட அறைக்கு யன்னல் இல்ல" என்றான்.

நீரோரத்தில் வீச்சுவலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "எங்க மனே, விடியக்காத்தால?" என்று கேட்டார். அவரோடு ஒரு மணித்தியாலம் போயிற்று. கெட்டிக்காரப் பயணி அந்த நேரத்தில் இரண்டு கோயில் பார்த்திருப்பான். ஆனால் அன்று முழுவதிலும் நாம் அதிகம் கற்றது அந்த ஒரு மணித்தியாலத்திலேதான்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட இந்த வாவிக்குக் கடலோடு கலக்கும் வாய்கள் இரண்டே: இது ஒன்று, தெற்கே கல்லாற்றில் ஒன்று. சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை. படும் மேற்குப்பக்கம் படுவான்கரை. கோடையிலே அலை மணலை அள்ளிவந்து வாயை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் ஏறி, படுவான்கரை வயல்களில் வேளாண்மை மூழ்கத் தொடங்கும். வாயை வெட்டிவிடச் சொல்லி வேளாண்மைக்காரர் கச்சேரிக்கு ஓடுவர். நேரங்கெட்ட நேரத்தில் வெட்டினால் வாவியில் வளரும் இறாலும் குஞ்சு மீனும் கடலோடு போய்விடும் என்று வாவி மீனவர் தடுப்பர். எவரும் பொய் சொல்லவில்லை. ஒரு வாய் மணலை எப்போது அகற்றுவது என்பதிலே இரண்டு கரைகளின் சோறு அடங்கியிருக்கிறது.

இந்த வாயை நாம் வரைபடத்தில் என்றைக்கும் திறந்ததாகவே வரைந்து காட்டியிருக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில், ஒரே அகலத்தில். முதியவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "அது கிடக்கிற இடத்தில கிடக்காது மனே. போன மாரி அங்கால, இந்த மாரி இங்கால" என்றார். ஆயிரம் மாணாக்கருக்கு நேப்பிள்சின் இடத்தைத் துல்லியமாகக் காட்டிக் கொடுத்த நாம், ஐந்து கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள நமது துறைமுகத்தின் வாயைத் தவறாகக் கற்பித்து வந்திருக்கிறோம். அதற்கு மதிப்பெண் குறைப்பார் எவருமில்லை.

அங்கிருந்து பார் வீதி வழியாக ஊரை நோக்கி நடந்தோம். 'பார்' என்பது ஆற்றுவாயில் அடையும் மணற்றிடரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். இக்கால மாணாக்கர் பலர் அவ்வீதியிலே சாராயக்கடை இருந்திருக்கவேண்டும் என்று நம்புகின்றனர். கல்லடிப் பக்கத்து 'டச்பார்' என்ற பெயருக்கும் அவர்கள் சொல்லும் விளக்கம் இதனினும் சுவையானது. அதை இங்கே எழுதவேண்டாம்.

கோட்டைமுனைப் பாலத்தைக் கடந்தால் புளியந்தீவு. பாலத்தடியில் முச்சக்கரவண்டி இளைஞனொருவன் நமது தோழனின் தொப்பியைக் கண்டு ஆங்கிலத்தில் அழைத்தான். கோட்டை, பாடும்மீன், கடற்கரை, மூன்றும் சேர்த்து ஒரு விலை. பின்னால் வந்த நமது வேட்டியைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான். அவனைக் குறை சொல்ல நாம் ஆயத்தமில்லை. எரிபொருள் விலை அவனையும் துரத்துகிறது.

நீரோரத்தில் வில்லியம் ஆல்ட் பாதிரியாரின் சிலை. 1814இல் மெதடிஸ்த சபையின் பணிக்காக வந்து, அடுத்த ஆண்டே இந்த மண்ணில் இறந்தவர். மதம் பரப்பவே வந்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டு நூற்றாண்டுக்கு முன்னர் அவர் தொடங்கிய பள்ளியின் வழியில் வந்ததே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி.

கோட்டை 1628இலே போர்த்துக்கேயர் கட்டியது. 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. நேப்பிள்சின் கோட்டையும் இவ்வாறே இறங்குதுறையின் அருகில் நிற்கிறது என்று அவன் நினைவூட்டினான். கடலால் வருகிறவன் முதலிற் பீரங்கியின் முகத்திலேயே விழிக்கட்டும் என்று கட்டியவர்கள் நினைத்தார்கள் போலும். பிற்காலத்தில் நீண்டகாலமாக மாவட்டக் கச்சேரி இந்தச் சுவருக்குள்ளே இயங்கியது. போர்த்துக்கேயன், ஒல்லாந்தன், ஆங்கிலேயன் மூவரும் போன பின்பும், காணி உறுதிக்கும் நிவாரணத்துக்கும் அலைந்த ஏழை, அந்நியன் கட்டிய வாயிலாற் குனிந்தே உள்ளே போக வேண்டியிருந்தது.

இங்கே ஒரு சிறு விலகல். ஒல்லாந்தக் கம்பெனியார் தம் கோட்டைகளிலும் பீரங்கிகளிலும் காசுகளிலும் வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்தைப் பொறித்தனர். தமிழன் அம்மூன்றெழுத்தைக் கேட்டால் அவன் கண்முன்னே தோன்றுவது கம்பெனி அன்று; 1906இலே சுதேசி நீராவிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டி, பின்னர்ச் சிறையிற் செக்கிழுத்த சிதம்பரம்பிள்ளையே தோன்றுகிறார். இதைச் சொன்னபோது அவன், "அந்தக் கப்பல்ல பீங்கான் கழுவினது யார் சேர்?" என்று கேட்டான். நம்மிடம் விடை இருக்கவில்லை.

சந்தையில் நண்டு விலை கேட்டோம், வாங்கவில்லை. கடையொன்றிலே சோறு தின்றோம். அங்கேதான் அந்த விவாதம் மூண்டது. இவ்வாவிக்கரைக்கும் ஒருநாள் பெருங் கப்பல் வந்தால் நல்லதல்லவா என்று நாம் கேட்டோம். நண்டு விற்கும், தோணிக்காரனுக்குக் கூலி கிடைக்கும் என்பது நமது எண்ணம். அவன் வெனிசைப் பற்றிச் சொன்னான். அங்கே ஊரவர் யன்னல்தோறும் 'பெருங் கப்பல் வேண்டாம்' என்று பதாகை கட்டியிருந்தார்களாம். 2021இலே இத்தாலிய அரசு அந்நகரத்தின் முன்வாசற் கால்வாயில் பெருங் கப்பல்கள் வருவதைத் தடை செய்யும்படியாயிற்று. "காலையில ஆயிரக்கணக்கில இறங்குவாங்க சேர். சாப்பாடு கப்பல்லயே இருக்கு. ஊருக்குள்ள வாங்கிறது ஒரு கோப்பியும் ஒரு காந்தச் சில்லும். மறுகா குப்பையும் கூட்டமும் ஊருக்கு."

"அப்படியானால் எவரும் வரக்கூடாதா?"

"நடந்து வாறவன் வரட்டும் சேர். நடக்கிறவன் களைச்சா இருப்பான். இருந்தா கதைப்பான்."

தொழிற்சங்கக் கூட்டங்களில் நாம் கேட்ட பல பிரசங்கங்களை இந்த ஒரு வார்த்தைக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. எனினும் நாம் முழுமையாக உடன்படவில்லை. முச்சக்கரவண்டி இளைஞனின் முகம் நினைவில் நின்றது. அவனுக்கு இன்றைக்குச் சோறு வேண்டும்.

வெயில் தாழ, அரசடியைக் கடந்து கல்லடிக்கு வந்தோம். 2013இலே திறந்த புதிய பாலத்தில் வாகனங்கள் ஓடுகின்றன. பக்கத்தில், ஆளுநர் மனிங்கின் மனைவி பெயர் தாங்கிய பழைய இரும்புப் பாலம். இந்தப் பாலத்தடியிலேதான் நிலாக் காலத்தில் மீன் பாடுவதாகச் சொல்வது. 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி வள்ளத்திலிருந்து அந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்தார். 1950களில் யேசுசபைத் துறவி லாங் அடிகளார் அதனைப் பதிவு செய்தார். வாவி மீனவர் அதை மீனின் பாட்டு என்பதில்லை. ஊரி கத்துகிறது என்பார்கள். சற்றுத் தொலைவில் உப்போடையில், 'யாழ் நூல்' வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே மறைந்த விபுலானந்த அடிகளின் சமாதி இருக்கிறது. அங்கும் போவதாகவே திட்டம்.

பாலத்தின் கைப்பிடியைப் பற்றியபடி அவன் நீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாம் நமது கால்களைப் பார்த்தோம். செருப்பின் வார் அறுந்திருந்தது. கீழே ஒரு தோணி, வலையோடு படுவான்கரைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. தோணிக்காரன் மேலே பார்த்துக் கையசைத்தான். அவன் மணிக்கூட்டைப் பார்த்தான்.

"நாலரை சேர். கப்பல் போயிருக்கும்."

"போகட்டும்" என்றோம். பாலத்தின் அந்தப் பக்கத்திலே ஒரு தேநீர்க்கடை திறந்திருந்தது.